நந்தனும் மூன்று நிமிட இசைத்தட்டும்

கடாரம் என்று பழந்தமிழர் வழங்கிய கெடாவில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலமும் தமிழ் இசைத்தட்டு வளர்ந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. 1909-இல் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷார் மேலாட்சிக்கு மாறிற்று. அதற்கு முந்திய ஆண்டில்தான் கல்கத்தாவில் இசைத்தட்டு அச்சிடும் தொழிற்சாலை தோன்றியது. அதுவரை இந்தியாவில் பதிந்த பாட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று தட்டாகித் திரும்பின.

அக்காலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். ஐரோப்பியருக்கும் இதே இடர்தான். வெர்டியின் 'எர்னானி' என்னும் இசைநாடகத்தை 1903-இல் முழுதும் பதிவு செய்தபோது, ஒருபக்கத் தட்டுகள் நாற்பது வேண்டியிருந்தன! எனவே எங்கும் தனிப்பாட்டுகளே விலைபோயின.

இம்முறையால் பெரிதும் சிதைந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார், இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்கால் அம்மையார் என நான்கு சரித்திரக் கீர்த்தனைகள் அவர் இயற்றியவை. பின் மூன்றின் பெயரையும் இன்று கேட்டறிந்தோர் சிலரே. நந்தனார் சரித்திரமோ புகழ் பெற்றது. ஆனால் துண்டு துண்டாக.

சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில் பண்ணை முதலாளி கிடையாது. தில்லைக்குப் போக விடைகேட்டு நிற்கும் நந்தனையும், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்று சொல்லும் வேதியரையும் படைத்தவர் பாரதியாரே. கீர்த்தனை, விருத்தம், நொண்டிச்சிந்து என்று மாறிமாறி வரும் பாட்டுகளிடையே இவ்விருவர் வழக்கே நூலின் உயிர். ஒரு கீர்த்தனையைத் தனியே எடுத்துத் தட்டில் ஏற்றினால் பக்தி நிற்கும்; வேதியர் மறைந்துவிடுவார்.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கங்காணிக்கும் கிராணிக்கும் துரைக்கும் கட்டுப்பட்டுப் பால்மரம் வெட்டிய தமிழருக்கு, விடுப்புக் கேட்கும் பண்ணையாளின் கதை அயலாரின் கதையன்று. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்து லயங்களில் வாழ்ந்தோரே அதை முழுமையாகக் கேட்டிருக்க வேண்டியவர்கள்.

திரைப்படம் இக்குறையை ஓரளவு தீர்த்தது. கே. பி. சுந்தராம்பாள் 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாகவே நடித்துப் பாடினார். தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினியின் 'நந்தனார்' 1942-இல் வெளிவந்தது. அதில் பாரதியார் பாட்டுகளோடு பாபநாசம் சிவன் பாட்டுகளும் கலந்தன. ஆனால் அவ்வாண்டு கெடா ஜப்பானியர் பிடியில் இருந்தது. 1943 அக்டோபரில் அது சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்குத் தோட்டத் தமிழர் கொண்டுசெல்லப்பட்ட அந்நாளில் சென்னைப் படத்தை யார் கண்டார்?

நீண்ட நேரம் ஓடும் தட்டு 1948-இல் அமெரிக்காவில் வந்தது. நந்தன் சரித்திரத்தை இரவு முழுதும் சொல்லவல்ல பாகவதர்கள் அதற்குள் அருகிவிட்டனர்.

பாரதியாரின் நூலில் இலக்கணப் பிழைகள் உண்டென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் சிறப்புப்பாயிரம் தர விரும்பவில்லை. பின்னர் ஆசிரியரே பாடக் கேட்டு மனம் உருகிக் கொடுத்தார் என்று அவர் மாணவர் உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்துள்ளார். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி 1877-இல் தோன்றியது; பிள்ளையவர்கள் மறைந்தது 1876-இல்.