தட்டிப் பார்த்த ஈரல்

வலித்தால்தான் வைத்தியரிடம் போவது நம்முடைய வழக்கம். ஈரலில் கொழுப்புச் சேர்ந்தாலோ பெரும்பாலும் வலிப்பதில்லை. தேடிப் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தேடலின் சரித்திரம் சுவையானது.

1761-இல் வியன்னாவில் அவுன்புருக்கர் என்ற வைத்தியர், மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளேயிருப்பதை ஊகிக்கலாம் என்று எழுதினார். அவர் விடுதிக்காரர் மகன். பீப்பாயைத் தட்டி மதுவின் அளவைப் பார்த்த பழக்கமே இதற்கு மூலம் என்பார்கள். தேங்காயைத் தட்டி வாங்கும் நமக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றாது! தட்டினால் ஈரலின் எல்லை தெரியும், கொழுப்புத் தெரியாது. அதற்கு ஊசி வேண்டியிருந்தது. 1883-இல் பெர்லினில் பால் எர்லிக், நீரிழிவு நோயாளியின் ஈரலில் ஊசி செலுத்திச் சிறிதளவு எடுத்துச் சோதித்தார்.

அந்த ஊசியின் பயம் இன்னும் போகவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பழக்கமான நெசவாளர் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. "ஈரலையும் பார்க்கணும்னு சொல்றாங்க ஐயா. ஊசி குத்திச் சதையை எடுப்பாங்களா? எத்தனை நாள் தறியில உட்கார முடியாது?" என்று கேட்டார். வலியைவிட, நின்றுபோகும் கூலிதான் அவர் கவலை. "வயிற்றில் பசை தடவிக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள், அன்றைக்கே தறிக்குத் திரும்பலாம்" என்றேன். முழுக்க நம்பினாரா என்று தெரியவில்லை.

அவருக்காக நான் சொன்ன கதை 1958-இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் இத்தாலியரான மெங்கினி, ஊசி ஈரலுக்குள் ஒரே வினாடி தங்கும் முறையை வெளியிட்டார். அதே ஆண்டில் கிளாஸ்கோவில் அயன் டொனால்டு, காதுக்கெட்டாத ஒலியலையைக் கொண்டு வயிற்றுக்குள்ளே எடுத்த படங்களை வெளியிட்டார். அவருக்கு வழிகாட்டிய கருவி ஆஸ்பத்திரியில் பிறந்ததல்ல. கொதிகலன் தொழிற்சாலையில் இரும்புக்குள் விரிசல் தேடிய கருவி!

கொழுப்பு மிகுந்த ஈரல் ஒலியலையைச் சிதறடித்துத் திருப்பும். அதனால் படத்தில் அருகிலுள்ள சிறுநீரகத்தைவிட வெளுத்துத் தோன்றும். ஆழம் போகப் போக மங்கும். இம்முறையில் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 541 பேரைச் சோதித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். 32 சதவீதத்தினருக்கு ஈரலில் கொழுப்பு. நீரிழிவு உள்ளவர்களில் பாதிக்கு மேல். 541 பேரும் ஊசிக்கு வயிற்றைக் காட்டியிருப்பார்களா, என்ன?

கண்ணால் பார்த்துச் சொல்வதில் ஒரு குறை: கொழுப்புக் கொஞ்சமாக இருந்தால் தப்பிவிடும். அலை எவ்வளவு தேய்கிறது என்பதையே எண்ணாக அளக்கும் முறை 2010-இல் பிரான்சிலிருந்து வெளிவந்தது. ஆயினும் ஈரலில் அழற்சி உண்டா என்ற ஐயம் தீராதபோது, வைத்தியர்கள் இன்றும் ஊசியைத்தான் கையில் எடுக்கிறார்கள்.