லவுண்ட்ஸ் கவுண்டியின் வாக்காளர் பட்டியலும் அரசியல் சாய்வும் (1965–1970)

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து லவுண்ட்ஸ் கவுண்டி, உள்ளூர்ப் பதவிகளைப் பொறுத்தவரை நெடுங்காலம் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாகக் கருதப்பட்டது. அச்சாய்வு யாருடையது என்பதே வினா. 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பதின்மர் கறுப்பினத்தவர்; வாக்காளர் பட்டியலில் அவர்களுள் ஒருவரும் இல்லை. வெள்ளையரின் பதிவோ தகுதியுடைய வெள்ளையர் தொகையையே விஞ்சியிருந்தது. பட்டியலின் நம்பகத்தன்மைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அவ்வாண்டு ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியபின் நடுவணரசின் பதிவு அலுவலர்கள் வந்தனர். பெயர் பதிந்த குத்தகை உழவர் பலர் நிலத்தினின்று வெளியேற்றப்பட்டனர். சிலர் 80ஆம் எண் நெடுஞ்சாலையோரம் கூடாரங்களில் குடியேறினர்.

எழுத்தறியாதோரும் இனங்காணுமாறு, மாநில ஜனநாயகக் கட்சியின் வெண்சேவலுக்கு எதிராக லவுண்ட்ஸ் கவுண்டி விடுதலை அமைப்பு கருஞ்சிறுத்தையைச் சின்னமாகக் கொண்டது. (சின்னம் பார்த்து வாக்களிப்பது இந்திய வாக்காளர்க்குப் புதிதன்று.) எனினும் 1966 நவம்பர்த் தேர்தலில் அதன் வேட்பாளர் அனைவரும் தோற்றனர். நிலவுடைமையாளர் தம் பணியாளரைத் தாமே வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்று, எவர்க்கு வாக்களிப்பது எனவும் பணித்தனர். ஆகவே அன்றைய வாக்குப்பதிவின் உயர்வை அரசியல் விருப்பத்தின் அளவுகோலாகக் கொள்ளவியலாது.

1970இல் அவ்வமைப்பின் நிறுவனருள் ஒருவரான ஜான் ஹியூலெட் ஷெரீப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1965 மார்ச்சில் அங்கு முதற்கண் பெயர் பதிந்த கறுப்பினத்தவருள் அவரும் ஒருவர்.