காட்டைக் காணும் விலை: ஊவா வரலாற்றில் ஒரு நோக்கு

பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம் மேஜர் தோமஸ் வில்லியம் றோஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றிய இவர், 1845 யூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். எனினும் அவர் பெயரை நிலைபெறச் செய்தது நிருவாகத் திறன் அன்று, வேட்டை. அவர் கொன்ற யானைகள் 1400க்கு மேற்பட்டன என்று சொல்லப்பட்டதை எமர்சன் தெனன்ற் பதிந்துள்ளார்.

வனவிலங்கை அதன் வாழிடத்திலேயே சென்று காண்பதற்குப் பெரும் பணம் செலவிடுதல் தகுமோ என இன்று பலர் வினவுகின்றனர். கொடுத்த காசுக்குச் சிறுத்தை தென்பட்டதா என்பதே பெரும்பாலும் அவர்தம் கணக்கு. அக்கணக்கிற் சேராத செலவுகள் சிலவற்றை ஊவாவின் வரலாறு காட்டுகின்றது.

றோஜர்ஸ் காலத்து வேட்டைக்காரர் யானைக்கு விலை கொடுத்தாரல்லர். மாறாக, யானையைக் கொன்றோர்க்கு அரசே வெகுமதி வழங்கிற்று. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3500 யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2000 யானைகளுக்கும் இவ்வெகுமதி கோரப்பட்டதென்பர். மலைநாட்டிலோ கோப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1854இல் வெளிவந்த சாமுவேல் பேக்கரின் வேட்டை நூல் இலங்கைக் காடுகளின் புகழை ஆங்கிலக் கனவான்களிடையே பரப்பியது. அவர்களுக்குச் சுமை தூக்கியோர், தடம் காட்டியோர் பெயர்களை நாம் அறியோம். அதே காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி அடர்காட்டினூடே கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். காட்டு விலங்கை அதன் இடத்திலேயே கட்டணமின்றிக் கண்டோர் இவர்களே எனலாம்!

விலங்குகள் அருகத் தொடங்கிய பின்னரே பாதுகாப்பு எண்ணம் தோன்றிற்று. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைந்தது. அதன் முன்னோடிகளுள் தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியருமே மிகுதி. 1900இல் யால ஒதுக்கக் காடாயிற்று. ஆயினும் அதன் ஒரு பகுதி இங்கு வதியும் வெள்ளைக்காரர் முதலானோரின் வேட்டைக்கென விடப்பட்டிருந்தமை கவனித்தற்குரியது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பின், 1938இல் அது தேசிய பூங்காவாயிற்று. யானைக்குச் சட்டத்தில் இடமளித்த இந்நாடு, பதினோராண்டு கழித்து 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணாதிருத்தல் மலையகத்தவர்க்கு எளிதன்று.

துப்பாக்கி இருந்த கையில் இன்று புகைப்படக் கருவி இருக்கின்றது. இம்மாற்றத்தைச் சிறிதென மதிப்பதற்கில்லை. பார்வையாளரின் பணம் யானையை உயிரோடு வைத்திருப்பதிலும் ஓர் ஆதாயத்தை உண்டாக்கிற்று. ஆதலின் அச்செலவை வீண் ஆடம்பரமென ஒதுக்குவோருடன் நான் உடன்படேன். ஆயினும் ஊவாவிலும் தென்மாகாணத்திலும் பரந்து கிடக்கும் யாலவிற்குச் செல்ல, உள்நாட்டவர்க்கு நுழைவுச்சீட்டன்று, ஜீப் வாடகையே பெருஞ் சுமை. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வாடகை அத்தகைய பல நாள் உழைப்பிற்குச் சமன்.

தோட்டத்தார் விலங்கைக் காணாதவரல்லர். லயத்தின் பின்புறத்து மரக்கறிப் பாத்தியில் காட்டுப்பன்றியைக் காண்கின்றனர். பன்றிக்கு இடும் கம்பிச் சுருக்கில் சிறுத்தையும் அகப்படுகின்றது. 2020 மே மாதம், ஊவாவுக்கு வெளியே நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அவ்வாறு சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே இறந்தது. ஊவாவின் எல்லையிலமைந்த அதே உடவளவைப் பூங்காவில் யானை பார்க்க வருவோர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு கூறு, அத்தகைய பாத்தியொன்றுக்கு வேலியாகுமாயின் அச்செலவு தகும் என்பேன். ஆகாதவரை, சிறுத்தை சுருக்கில் விழும்போது தொழிலாளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது.