மச்சான் பிடிக்கும் கயிறு

பாறையேற்றம் கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஏறுவதோடு சேர்த்துக் கயிறு பிடிக்கவும் கற்றுத் தருவார்கள். 'பிலே' என்று அதற்குப் பெயர். ஏறுகிறவரின் உயிர் கயிறு பிடிக்கிறவரின் கையில். நன்றாக ஏறத் தெரிந்த ஆள் கிடைத்துவிடுவார், நம்பிக் கயிற்றைக் கொடுக்கக்கூடிய ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

நீலகிரியில் இந்தச் சிக்கலை ரொம்ப காலத்துக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். கோத்தகிரியைச் சுற்றிய சரிவுகளில் வாழும் ஆலு குறும்பர்கள் தேனெடுக்கப் பாறையில் இறங்கும்போது மேலே கயிற்றைக் காப்பவர் மச்சான், அதாவது மனைவியின் உடன்பிறந்தவர். கூடப்பிறந்த அண்ணன் தம்பியிடம் அந்த வேலையைத் தருவதில்லை. மச்சான் கைவிட்டால் விதவையாவது அவருடைய அக்காவோ தங்கையோ. அதனால் விடமாட்டார். அண்ணன் தம்பிக்கு அப்படியொரு கட்டாயம் கிடையாது (பங்காளிச் சண்டை தெரியாத ஊர் எது?). ஆனைமலைக் காடர்களிடம் இதே வேலை மனைவிக்கோ மகனுக்கோ உரியது என்று 1909-ல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஆள் மாறுகிறார், கணக்கு ஒன்றுதான்.

நீலகிரியின் வரலாறு என்று தேடினால் ஜான் சல்லிவன்தான் முதலில் வருவார். 1819-ல் மலையேறினார், கோத்தகிரிக்குப் பக்கத்தில் கண்ணேரிமுக்கில் வீடு கட்டினார், பிறகு ஊட்டி உருவானது. மலையைக் 'கண்டுபிடித்த' கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. வந்தவர்கள் சிகரங்களின் உயரத்தை அளந்தார்கள், சரிவில் காப்பியும் தேயிலையும் நட்டார்கள், சோலைகளில் வேட்டையாடினார்கள். செங்குத்தாக நிற்கும் பாறைமுகம் மட்டும் அவர்களுக்கு எதற்கும் ஆகவில்லை. அங்கே போய்வரத் தெரிந்தவர்கள் தேனெடுப்பவர்கள்தான்.

இது எவ்வளவு பழைய வேலை என்பதற்குத் தமிழிலேயே சாட்சி இருக்கிறது. மலைத்தேன் எடுக்க நடும் மூங்கில் ஏணிக்குச் சங்கப் பாடல்களில் 'மால்பு' என்று பெயர். கணுக்களையே படியாக மிதித்து ஏறுவது. மலைபடுகடாத்தில் இந்த ஏணி வருகிறது. குறுந்தொகையின் 273-ஆம் பாடலில் ஓர் உவமை: பெருந்தேன் இருக்கும் மலையில், பழைய மால்பு என்று அறியாமல் ஏறிவிட்ட ஒரு முட்டாள். காதல் பாட்டு அது. ஆனால் பாறையேறுகிறவர் யாராவது படித்தால் சிரித்துவிடுவார். யாரோ என்றைக்கோ அடித்துவிட்டுப்போன துருப்பிடித்த போல்ட்டில் கயிற்றை மாட்டாதே என்று இன்றைக்குச் சொல்வதும் இதைத்தானே.

நாம் ஏற்றம் என்கிறோம். குறும்பர்களுடையது பெரும்பாலும் இறக்கம். பாறையின் உச்சியில் மரத்திலோ வேரிலோ கொடியால் திரித்த ஏணியைக் கட்டி, அதில் தொங்கிக்கொண்டு கீழே போகவேண்டும். பச்சிலைப் பந்தத்தின் புகையில் தேனீ விலகும். மலைத்தேனீ கூட்டை மூடி வைப்பதில்லை. ஒரே பெரிய அடை, பாறை விளிம்பின் அடியில் வெட்டவெளியில் தொங்கும். ஒரு பாறையில் பல கூடுகள் சேர்ந்தே இருக்கும். பூக்கும் காலத்தில் வரும், பெருமழைக்கு முன்னால் இடம்பெயரும். கோடைதான் தேன்காலம். போவதற்கு முன் விரதம் உண்டு, தேனீயைப் பார்த்துப் பாடும் பாட்டு உண்டு. முக்கியமாக, எந்தப் பாறை யாருக்கு என்பது ஊருக்குத் தெரியும். இன்ன குடும்பத்தின் பாறை என்றால் அடுத்தவர் போய் ஏணி கட்டமாட்டார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வெறும் கல். உள்ளே பட்டா, பருவம், பாதுகாப்பு விதி எல்லாம் இருக்கிறது. காகிதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

காகிதத்தில் இல்லாததுதான் வினையானது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காடு அரசின் காடாயிற்று. தேன் 'சிறு வனப்பொருள்' ஆயிற்று. சேகரிக்கும் உரிமை ஏலத்துக்கு வந்தது. ஏலம் எடுத்தவர் ஒப்பந்தக்காரர், தொங்குகிறவர் குறும்பர். உயிரைப் பணயம் வைத்தவருக்குக் கிடைத்தது கூலி. பின்னாளில் ஆதிவாசிகளுக்கென்று கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. நோக்கம் நல்லது. ஆனாலும் பாறை யாருடையது என்ற கேள்வியை அவையும் எழுப்பவில்லை.

1993-ல் தொடங்கிய கீஸ்டோன் அறக்கட்டளைக்கு இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. சினேகலதா நாத், மேத்யூ ஜான், பிரதிம் ராய் ஆகிய மூவர் தமிழ்நாட்டின் தேனெடுப்பவர்களைத் தேடிப்போய் ஓர் ஆய்வு செய்தார்கள். அந்த ஆய்வு முடிந்த கையோடு கோத்தகிரிக்கே குடிவந்துவிட்டார்கள். தேனைச் சுத்தமாக எடுப்பது, அடையை முழுக்க அழிக்காமல் தேன்பகுதியை மட்டும் அறுப்பது, நேரடியாக நியாயமான விலை கொடுத்து வாங்குவது என்று வேலை விரிந்தது. விற்பனைக்காக 2010-ல் லாஸ்ட் ஃபாரஸ்ட் என்ற தனி நிறுவனம் பிறந்தது. இவர்கள் மலையேற்றக் கிளப் கிடையாது. ஆனால் நீலகிரியில் பாறையில் தொங்குகிற மனிதருக்காகப் பேசிய அமைப்பு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சட்டம் மெதுவாக வந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் காடுவாழ் மக்களுக்கு உரிமை உண்டு என்றது. பட்டியலில் தேன் பெயர் சொல்லியே இருக்கிறது. கோரிக்கையைத் தொடங்கி வைக்கும் அதிகாரம் கிராம சபைக்கு. ஆனால் தமிழ்நாட்டில் 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட ஓர் உத்தரவால் உரிமை ஆவணம் வழங்குவது நின்றுபோனது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. எட்டு வருடம். எட்டுத் தேன்காலம்.

இதே காலத்தில் பாறையேற்றம் உலகம் முழுக்கப் பெரிய விளையாட்டாகிவிட்டது. கூடவே, ஏறுகிறவர்களுக்காக வாதாடும் அமைப்புகளும் வந்தன. அமெரிக்காவில் 1991-ல் அக்சஸ் ஃபண்ட் தொடங்கியது. மூடப்படும் பாறைகளைத் திறக்க வைப்பது, நில உரிமையாளர்களிடம் பேசுவது, சில இடங்களில் நிலத்தையே வாங்கிவிடுவது அதன் வேலை. பிரிட்டனில் பறவைகள் கூடுகட்டும் மாதங்களில் குறிப்பிட்ட பாறைகளை ஏறுகிறவர்களே ஒதுக்கிவைக்கிறார்கள். வயோமிங்கில் டெவில்ஸ் டவர் என்ற பாறைத்தூண் பூர்வகுடிகளுக்குப் புனிதமானது. 1995-லிருந்து ஜூன் மாதம் ஏறவேண்டாம் என்று அங்கே வேண்டுகோள் இருக்கிறது. சட்டமல்ல, வேண்டுகோள்தான், மதிக்கிறவர்களும் உண்டு, மதிக்காதவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் உலுருவில் 2019 அக்டோபர் 26 முதல் ஏறவே கூடாது. பருவம், உரிமையாளர், புனிதம், கூட்டுக்குத் தொந்தரவு செய்யாமை: நான்குமே குறும்பரின் பாறையில் ஏற்கெனவே இருந்த விதிகள்.

நீலகிரிப் பாறைகளுக்கும் இப்போது ஆள் வர ஆரம்பித்திருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கூட்டமாக உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை அறிவித்தது. அதில் கரிக்கையூரிலிருந்து பொறிவரை பாறை ஓவியங்களுக்குப் போகும் பாதை உண்டு, ரங்கசாமி சிகரத்துக்குப் போகும் பாதையும் உண்டு. வழிகாட்டிகளாக உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை எடுத்திருக்கிறார்கள். எனக்கு இதில் சந்தோஷம்தான். ஆனால் இது நடக்கிறவர்களுக்கான ஏற்பாடு. பாறைமுகத்தில் போல்ட் அடிக்க வருகிறவர் யாரிடம் கேட்கவேண்டும்? வனத்துறையிடம் என்பது பாதி பதில்.

ரங்கசாமி சிகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் தனியாக ஒரு கல்தூண் நிற்கிறது. ஏறத் தெரிந்த எவருக்கும் பார்த்தவுடன் கை பரபரக்கும். காரமடையில் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு ரங்கசாமி இங்கே தனியாக வந்து குடியேறினார் என்பது கதை. இருளர்களுக்கும் படகர்களுக்கும் சாமி இருக்கும் இடம். மேற்கே முக்கூர்த்தி, தோடர்களுக்கு இறந்தவர்களின் ஆன்மா மறுவுலகம் போகும் வழி. வடக்குச் சரிவின் செங்குத்துப் பாறைகளில் கருங்கழுத்துப் பாறு கூடு வைக்கிறது. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக்கால் அழிந்ததுபோக எஞ்சிய கழுகுகள் அவை.

குறும்பர்கள் வெள்ளரிகொம்பையில் தங்கள் முன்னோர் பாறையில் தீட்டிய ஓவியங்களைத் தொடர்ந்து, இன்று காகிதத்திலும் துணியிலும் வரைகிறார்கள். தேனெடுக்கும் காட்சி அதில் திரும்பத் திரும்ப வருகிறது. ஏணி, தொங்குகிற ஆள், சுற்றிலும் புள்ளிபுள்ளியாகத் தேனீக்கள். ஊட்டிக் கடைத்தெருவில் அப்படியொன்றைப் பார்த்தால் அவசரமாகக் கடந்துவிடாமல் ஏணியின் மேல்முனையைப் பாருங்கள். அங்கே யாராவது நின்றுகொண்டிருக்கக்கூடும்.