வண்டலூரும் உறைந்த வரைபடமும்

வண்டலூருக்கு வடக்கே, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே, 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலியைக் கிடத்தி ஏறத்தாழ ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே கால்கோள்.

வரைபடம் காருக்குள் புகுந்த கதை மிகப் பிந்தியது. 1981-இல் ஹோண்டாவின் எலெக்ட்ரோ கைரோகேட்டர் செயற்கைக்கோளின் துணையின்றியே வண்டியின் இடத்தைக் காட்டியது. 1990-இல் மாஸ்டாவின் யூனோஸ் காஸ்மோ ஜி.பி.எஸ். கருவியுடன் வந்தது. குடிமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியது, இருப்பிடம் துல்லியமாயிற்று.

குறை வேறிடத்தில் தங்கிவிட்டது. செயற்கைக்கோள் நமக்குச் சொல்வது நாம் நிற்கும் புள்ளியை மட்டுமே. அங்கே சாலை உண்டா என்று சொல்வது, வட்டிலோ நினைவட்டையிலோ பதிந்த படம். அது பதிந்த நாளிலேயே உறைந்துவிடுகிறது. வண்டலூரையடுத்த கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் பதிந்து, புதுப்பிக்காமல் விட்ட கருவி, திருச்சிப் பேருந்தைப் பிடிக்கச் செல்பவரை இன்றும் கோயம்பேட்டுக்கே அனுப்பும். மேம்பாலத்தின் மேலே செல்கிறோமா, கீழேயா என்பதிலும் அது தடுமாறுவதுண்டு.

கார் பதினைந்து ஆண்டு உழைக்கிறது. அதன் படத்துக்கு அவ்வளவு ஆயுளில்லை. ஊரை ஒருமுறை அளந்தால் போதாது என்பதை நாம் இன்னும் விலை கொடுத்தே கற்கிறோம்.