வீட்டுப் பட்டறைக்கு வந்த நீராவி

உலோகத்தைக் கடைந்து, மெய்யாகவே ஓடும் சிற்றளவு இயந்திரங்களை உருவாக்குவது மாதிரிப் பொறியியல். இது பொழுதுபோக்காக வேரூன்றியது பிரிட்டனில். 19ஆம் நூற்றாண்டில் வீட்டில் லேத் எனும் கடைசல் இயந்திரம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் செல்வந்தர்கள். லண்டனின் ஹோல்ட்ஸாப்ஃபெல் நிறுவனம் செய்த விலையுயர்ந்த லேத்துகளில் அவர்கள் தந்தத்திலும் கருங்காலியிலும் அலங்கார வேலை செய்தனர். இரும்பு வேலை தெரிந்த தொழிலாளிக்கோ ஆலைக்கு வெளியே லேத் எட்டாக்கனி.

இந்த நிலையை மாற்றத் தொடங்கியது ஓர் இதழ். 1898 ஜனவரியில் பெர்சிவல் மார்ஷல் லண்டனில் ‘மாடல் என்ஜினியர்’ இதழைத் தொடங்கினார். எழுத்தர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளி என எவரும் படித்துச் செய்யும்படி வரைபடமும் செய்முறையும் அதில் வெளிவந்தன. அதே ஆண்டில் லண்டனில் ஆர்வலர் சங்கமும் உருவானது.

வரைபடம் கிடைத்தாலும், இயந்திரப் பாகங்களை உருக்கி வார்க்க உலை வேண்டும். அதை வீட்டில் அமைப்பது கடினம். தேம்ஸ் நதிக்கரையில், ஹென்லிக்கு அருகே இருந்த ஸ்டூவர்ட் டர்னர் இந்தக் குறையைத் தீர்த்தார். 1906இல் அவர் தொடங்கிய நிறுவனம், சிறு நீராவி இயந்திரங்களுக்கான வார்ப்புகளை வரைபடத்துடன் விற்றது. வாங்கியவர் அவற்றை அராவி, கடைந்து, துளையிட்டு, மரை போட்டுப் பொருத்தவேண்டும். முக்கால் அங்குல சிலிண்டர் கொண்ட ‘10வி’ வகை, தலைமுறை தலைமுறையாகத் தொடக்கநிலையினரின் முதல் இயந்திரமாக விளங்கியது. சிலிண்டரைக் குடைவது, பிஸ்டனைப் பொருத்துவது, வால்வின் நேரத்தைச் சரிசெய்வது என அடிப்படை வேலைகள் பலவற்றை அந்தச் சிறிய இயந்திரமே கற்றுக்கொடுத்துவிடும்.

அடுத்த தேவை, கைக்கு எட்டும் விலையில் லேத். கில்ட்ஃபோர்டின் டிரம்மண்ட் சகோதரர்கள் உருளை வடிவப் படுகையுடன் மலிவான லேத்தைச் செய்தனர். தொடக்கத்தில் பல வீடுகளில் காலால் மிதித்தே லேத்தைச் சுழற்றினார்கள். வீடுகளுக்கு மின்சாரம் பரவியபின் மிதிகட்டையின் இடத்தில் மோட்டார் அமர்ந்தது. 1934இல் நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் பிறந்த மைஃபோர்ட் நிறுவனம், 1946இல் ‘எம்எல்7’ லேத்தை வெளியிட்டது. அதன் குறுக்கு நகர்மேடையில் வேலைப்பொருளைப் பூட்டிக் குடையவும், செங்குத்து நகர்மேடையைச் சேர்த்து மில்லிங் (சுழலும் வெட்டியால் செதுக்குதல்) செய்யவும் முடிந்தது. இடமும் பணமும் குறைந்த வீட்டில் ஓர் இயந்திரமே பல இயந்திரங்களின் வேலையைப் பார்த்தது.

இதற்கிடையே ரயில் எஞ்சின் செய்வோரிடம் பெரிய விவாதம் எழுந்தது. மிகச்சிறிய எஞ்சின்களில் நிலக்கரி எரித்துப் பயனில்லை, எரிசாராயமே ஏற்றது என்பது பரவலான கருத்து. ‘எல்பிஎஸ்சி’ என்ற புனைபெயரில் எழுதிய லாரன்ஸ் இதை மறுத்தார். இரண்டரை அங்குல அகல இருப்புப்பாதையில் ஓடிய அவருடைய ‘ஆயிஷா’, நிலக்கரியில் நீராவி எழுப்பி வளர்ந்த ஆளையே இழுத்துக் காட்டியது. 1920களின் முதல் பாதியில் நடந்த இந்த விவாதம் ‘பாய்லர் போர்’ என்று பெயர் பெற்றது. அதன்பின் பல்லாண்டுகள் அவர் எழுதிய தொடர்கள், எந்தத் துண்டை முதலில் வெட்டுவது என்பது வரை விளக்கின. மூன்றரை அங்குலப் பாதைக்கான அவரது ‘டிச்’ எஞ்சின், புதியவர்களுக்காகவே வகுக்கப்பட்டது. லேத் வேலையின் அடிப்படைகளுக்கு, 1948இல் வெளிவந்த ஸ்பேரியின் ‘தி அமெச்சூர்ஸ் லேத்’ கைநூலாயிற்று.

ஊர்தோறும் எழுந்த சங்கங்கள் தனி ஓடுபாதைகள் அமைத்தன. அனுபவசாலிகள் புதியவர்களுக்கு வழிகாட்டினர். பாய்லர் சோதனையையும் சங்கங்களே ஏற்றன. புதிய பாய்லரில் நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் இருமடங்கு ஏற்றிச் சோதிப்பது வழக்கம். நீர் அழுத்தத்தில் பழுது தெரிந்தால் கசிவோடு போகும்; நீராவியில் தெரிந்தால் வெடிக்கக்கூடும். முறையான பயிற்சி இல்லாதவரும் ஆபத்தின்றி இவ்வேலையில் இறங்க முடிந்ததற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணம்.

மைஃபோர்டின் பீஸ்டன் ஆலை 2011இல் மூடப்பட்டது. கணினி இயக்கும் இயந்திரங்கள் வீட்டுப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டன. ஆயினும் வார்ப்புத் தொகுதி வாங்கி, எளிய நீராவி இயந்திரத்தில் கைபழகி, பிறகு ரயில் எஞ்சினுக்குப் போகும் வரிசை இன்றும் புதியவர்களுக்குச் சொல்லப்படுகிறது.