கூடாரமும் காவல் நாயும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் நெடுஞ்சாலை, ஹல்துமுல்லையைக் கடந்ததும் பெரகல என்னும் சந்தியை அடைகிறது. அங்கிருந்து ஒரு கிளை மேலே ஏறி அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலி-எல வழியாகப் பதுளையை நாடுகிறது. மற்றொரு கிளை கொஸ்லாந்தை வழியாக இறங்கி வெல்லவாயைச் சமவெளியைச் சேர்கிறது. சந்தியில் நின்று நோக்குவோர்க்குத் தெற்கே தாழ்நிலம் கடல் போல் விரிந்து கிடக்கும். மேற்கே மலைத்தொடர் படிப்படியாக உயர்ந்து, ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பில் வான் தொட்டு நிற்கும். இடைப்பட்ட சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களும், புல் மூடிய பத்தனைகளும், சோலைக் காடுகளும் மாறி மாறி வருகின்றன.

இந்த மலைகளில் கூடாரம் அடித்து இரவு தங்குவோர் இக்காலத்தில் பெருகியுள்ளனர். அவர்களுள் சிலர் வீட்டில் வளர்க்கும் நாயையும் உடன் அழைத்து வருகின்றனர். அந்த நாயை எவ்வாறு அடக்கி வைப்பது, அதனால் பிறர்க்கும் காட்டுக்கும் என்ன நேரும் என்னும் கேள்வி இன்று புதிதாக எழுந்தது போலத் தோன்றலாம். உண்மையில் அது மிகப் பழைய கேள்வி. இம்மலையின் வரலாறே அதற்கு விடை கூறுகிறது.

நாயும் கூடாரமும் மனிதனோடு சேர்ந்தே வளர்ந்தவை. வீடு கட்டி நிலைத்து வாழக் கற்குமுன், மந்தையை ஓட்டிக்கொண்டு இடம் விட்டு இடம் பெயர்ந்த மனிதனுக்கு இரவுக் காவலாக இருந்தது நாயே. சங்க நூல்களில் அது ஞமலி என்றும் ஞாளி என்றும் பெயர் பெற்றிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், எழுந்த கல் அது. தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட ஒரு வீரனுக்காக நாட்டப்பட்டது. வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்பதும் பொறிக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்து, தலைவனுக்குத் துணையாக நின்று காத்தமைக்காகவே அந்த நாய் கல்லில் இடம் பெற்றது.

பட்டியைச் சுற்றி ஓடித் திரிந்து கண்டவரையெல்லாம் கடித்த நாய்க்கு எவரும் கல் நாட்டியிருக்க மாட்டார். யாரைக் கடிக்க வேண்டும், யாரை விட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்த நாய்க்கே அந்தச் சிறப்புக் கிட்டியது. அடக்கம் நாயின் வீரத்துக்கு எதிரானது அன்று. அதன் உயிர்நாடியே அதுதான்.

ஊவா மலைக்கு வருவோம். 1834-ஆம் ஆண்டில் ஆங்கிலேய இராணுவ அதிகாரிகள் இருவர் இங்குள்ள உயர்ந்த சமவெளி ஒன்றைக் கண்டு அரசுக்கு அறிவித்தனர். அந்நாளில் தேசாதிபதியாயிருந்த சர் ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கடல் மட்டத்துக்கு 2,100 மீட்டருக்கு மேல் அமைந்த அந்தக் குளிர்ந்த புல்வெளியில் மரைகள் கூட்டங் கூட்டமாக மேய்ந்தன. அவற்றை நாடி வேட்டைக்காரர் வந்தனர். அவருள் பெயர் பெற்றவர் சாமுவேல் பேக்கர்.

பின்னாளில், 1864-ஆம் ஆண்டில், ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் அடைந்த பேக்கர், அதற்கு முன் நுவரெலியாவில் குடியேறியிருந்தார். 1848-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறியபோது, பண்ணைக் கருவிகளோடும் கால்நடைகளோடும் வேட்டை நாய்க் கூட்டம் ஒன்றையும் கொண்டு வந்தார். 1855-ஆம் ஆண்டு வரை அவர் இத்தீவில் வாழ்ந்தார். துப்பாக்கியையும் வேட்டை நாயையும் பற்றி அவர் எழுதிய நூல் அக்கால ஆங்கில வாசகரிடையே பெரிதும் விரும்பப்பட்டது. ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள நீர்வீழ்ச்சி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பேக்கரின் வேட்டை முறை நாய்களையே நம்பியிருந்தது. மோப்பம் பிடித்துச் செல்லும் நாய்கள் காட்டுக்குள் மரையைத் துரத்தும். அது களைத்து ஓடை நீரில் இறங்கி, கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நிற்கும். நாய்கள் சூழ்ந்து குரைக்கும் ஒலியைக் கேட்டு ஓடி வரும் பேக்கர், கையிலுள்ள கத்தியாலேயே அதைக் கொல்வார். இத்தகைய வேட்டைக்கு நாய்கள் தனித்தனியே அலைந்தால் பயனில்லை. ஆகவே, இவ்வகை வேட்டையில் அவற்றை இரண்டிரண்டாகக் கழுத்துப் பட்டையில் பிணைத்துக் கொண்டு செல்வதும், கொம்பு ஊதித் திருப்பி அழைப்பதும், ஒவ்வொரு நாய்க்கும் பெயர் வைத்துப் பழக்குவதும் நியதியாக இருந்தன.

அந்த நியதி பிசகியபோது அதற்குரிய விலையைக் கொடுத்தது நாயே. கூட்டத்தை விட்டுப் பிரிந்து காட்டில் பின்தங்கிய நாயைச் சிறுத்தை பதுங்கியிருந்து கவ்விச் சென்றுவிடும். வேட்டை நாய்களுக்குச் சிறுத்தையே பெரும் பகை எனப் பேக்கர் எழுதிவைத்துள்ளார். ஆயிரக்கணக்கான மைல் கடல் கடந்து வந்த நாய், ஓர் அழைப்புக்குத் திரும்பாத குற்றத்தால் முன்பின் அறியாத காட்டில் மாண்டது.

ஆயினும், அந்த அடக்கம் யாருடைய நன்மைக்கு என்னும் கேள்வி எஞ்சியிருக்கிறது. பேக்கரின் நாய்கள் அடங்கியிருந்தது கொல்வதற்காகவே. நன்கு பழகிய நாய்க் கூட்டம் மரைக்குத் தப்ப வழி விடுவதில்லை. இவ்வாறு பொழுதுபோக்காகக் கொன்று குவித்ததன் விளைவை உணர்ந்தோர் பின்னர்த் தோன்றினர். 1873-ஆம் ஆண்டில், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிக்காது விடவேண்டும் என்று தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் அறிவுறுத்தினார். 1894-ஆம் ஆண்டில், வேட்டை விலங்குகளைக் காக்கவென ஒரு சங்கம் அமைந்தது. அதனை நிறுவியோருள் பலர் தாமே வேட்டையாடிய தோட்டத் துரைமார் என்பது கருதத்தக்கது. 1937-ஆம் ஆண்டில் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஹோர்ட்டன் சமவெளி 1969-ஆம் ஆண்டில் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் இலங்கையின் மத்திய மலைநாட்டோடு உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம் பெற்றது.

ஒரு நூற்றாண்டுக்கு முன் நாய்க் கூட்டங்கள் குரைத்தோடிய அதே புல்வெளியில் இன்று ஒரு நாயையும் அழைத்துச் செல்ல இடமில்லை. மாலை வேளையில் மரைகள் அச்சமின்றி மேய்வதை மக்கள் தொலைவில் நின்று காண்கின்றனர். ஆனால் பூங்காவின் எல்லைக் கல்லைச் சிறுத்தையும் மரையும் அறியா. அவை இரவில் தேயிலை மலைக்கும், ஓடைக் கரைக்கும், கூடாரம் அடிக்கத்தக்க பத்தனைக்கும் இறங்கி வரும்.

காட்டின் கதை இவ்வாறாக, மலையில் வாழும் மக்களின் கதை வேறொன்று. தேயிலைத் தோட்டத்து லயன்களில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியவை. ஒரு காம்பராவின் நாய் வரிசை முழுவதற்கும் காவல். மரக்கறித் தோட்டத்தில் காட்டுப் பன்றி புகுந்தால் குரல் கொடுப்பதும், இருட்டில் அந்நியர் வந்தால் எச்சரிப்பதும் அந்த நாயே. ஆனால் வரிசை முழுவதற்கும் சொந்தமான நாய்க்குத் தடுப்பூசி போட வேண்டியவர் யார் என்று கேட்டால், பல வேளைகளில் விடை கிடைப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் விசர்நாய்க் கடி என்னும் கொடுமை நுழைகிறது.

நீர்வெறுப்பு நோயின் குறி தோன்றியபின் அதைத் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக நோய்க்கிருமி மூளையை அடையச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகும். அந்த இடைக்காலமே உயிர் காக்கும் காலம். 1885-ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பிரான்சில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றி அவ்வழியைக் காட்டினார். எட்டு ஆண்டுகளில், 1893-ஆம் ஆண்டில், இலங்கையில் விசர்நாய் நோய்த் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901-ஆம் ஆண்டில் வந்தது. நாய் ஒன்று இருந்தால் அதற்கு உரிமையாளர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம்.

சட்டம் ஏட்டில் இருந்தும் நோய் நாட்டில் இருந்தது. 1973-ஆம் ஆண்டில் இந்நோயால் இலங்கையில் 377 பேர் உயிரிழந்தனர். பின்னர் நாய்களுக்குத் தடுப்பூசி போடும் பணி விரிவடைந்ததனாலும், கடியுண்டோர்க்கு அரசினர் மருத்துவமனைகளில் ஊசி கிடைத்ததனாலும் அந்தத் தொகை ஆண்டுக்குச் சில பத்துக்களாகக் குறைந்தது. தெரு நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 2006-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டு, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் முதன்மை தரப்பட்டது. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுபடும் என்பது மருத்துவர் கண்ட முடிவு.

நாயிடமிருந்து நோய் மனிதருக்கு மட்டும் தாவுவதில்லை. 1994-ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியில், நாய்களுக்கு வரும் ஒருவகைக் கொள்ளைநோய் சிங்கங்களைத் தொற்றி, அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அழித்தது. பூங்காவைச் சுற்றியிருந்த ஊர்களின் தடுப்பூசியற்ற நாய்களோடு அந்நோயை அறிஞர் தொடர்புபடுத்தினர். மலையில் ஒரு நாய் ஓடையில் வாய் வைத்து நீர் அருந்துவதும் புல்லில் மலம் கழிப்பதும் சிறு செய்திகளாகத் தோன்றும். காட்டு விலங்குக்கு அவை சிறியவை அல்ல.

இவ்வரலாற்றிலிருந்து மலையில் கூடாரம் அடிப்போர்க்கு உரிய ஒழுக்கம் தானே புலப்படுகிறது. முதலாவது, தடுப்பூசி. புறப்படும் நாளன்று போடும் ஊசி அன்றே பயன் தராது. ஒரு மாதத்துக்கு முன்னரே அது முடிந்திருக்க வேண்டும். இரண்டாவது, கயிறு. நடக்கையில் ஆறடி நீளக் கயிறு கையில் இருத்தல் போதுமானது. தங்குமிடத்தில் நாயைக் கட்டும்போது, கயிறு அடுத்த கூடாரத்தையோ அடுப்பையோ நடைபாதையையோ எட்டாதபடி அளந்து கட்டுதல் வேண்டும். கட்டிய நாயைத் தனியே விட்டு எவரும் அகலுதல் கூடாது.

மூன்றாவது, அழைப்பு. பெயர் சொன்னதும் திரும்பி வருதல், இரு என்றால் இருத்தல், குரைப்பை நிறுத்தென்றால் நிறுத்துதல் ஆகிய மூன்றையும் வீட்டு முற்றத்தில் பழகாத நாய் மலையில் பழகாது. சொல் கேட்டவுடன் சிறு தீனி கொடுத்துப் பழக்குவதே சிறந்த வழி. அடித்துப் பழக்கிய நாய் அஞ்சுமே ஒழிய அடங்காது. நான்காவது, இரவு. சிறுத்தை உலவும் மலையில் வெளியே கட்டிய நாய் காவல் அன்று, இரையாகும். ஆதலால் அது கூடாரத்துக்குள்ளேயே உறங்க வேண்டும். எஞ்சிய உணவை மூடி வைத்தால் காட்டுப் பன்றியும் அணுகாது, நாயும் இரவெல்லாம் குரைக்காது. தோட்ட ஓரங்களில் பன்றிக்கென மறைவாக வைக்கும் கம்பிக் கண்ணிகளில் சிறுத்தைகளே சிக்கி மாண்டதுண்டு. அவிழ்த்து விட்ட நாய்க்கும் அதே கதி நேரலாம்.

ஐந்தாவது, அயலார். கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களும் பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் நடக்கும் பாதைகள் இந்த மலைகளில் கூடாரங்களை ஒட்டியே செல்கின்றன. ஒன்றும் செய்யாது என்று உரிமையாளர் தொலைவில் நின்று கூவுவதால், பாய்ந்து வரும் நாயைக் கண்டு நடுங்கும் சிறுமியின் அச்சம் தீர்வதில்லை. பாதை அவளுடையது, வந்தவரே ஒதுங்க வேண்டும். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், புண்ணைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனையை நாட வேண்டும். மலையிறங்கப் பொழுதாகும் என்று நாளை வரை பொறுத்திருத்தல் உயிருக்கே ஊறாகும்.

எடுத்தனூர்க் கோவிவனுக்கும், பேக்கரின் வேட்டை நாய்க்கும், லயத்து வாசலில் படுத்திருக்கும் பெயரற்ற நாய்க்கும் இயல்பில் பெரிய வேற்றுமை இல்லை. அவற்றைக் காவலாக்கியதும், கொலைக் கருவியாக்கியதும், எவர்க்கும் பொறுப்பில்லாப் பொருளாக விட்டதும் மனிதரே. பெரகலச் சந்தியைக் கடந்து மலையேறும் ஒவ்வொருவர் கையிலும் உள்ள கயிற்றுக்கு இரு முனைகள் உண்டு. அவற்றுள் முதலில் பழக வேண்டியது மனிதர் பிடித்திருக்கும் முனையே.